எட்டுக்கு வெளியே வந்த கால்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிய நஸீபா, தென்காசி ஆர்.டி.ஓ. மைதானத்தில் டூவீலர் லைசன்ஸ் டெஸ்ட்டில் ஃபெயில் ஆனாள். ஆடி மாதத்துப் புதன்கிழமை, காலை பதினொரு மணி, லேசான சாரல். பார்த்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த நேரம் பார்த்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அவளுடைய போதாத காலம்.

ஊர் சிரித்தது. ஊரைக் குறை சொல்ல மாட்டேன், நாமாக இருந்தாலும் சிரித்திருப்போம். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் முழங்கால் தரையில் உரசப் போகிற பெண், சுண்ணாம்புப் பொடியால் வரைந்த எட்டுக்குள் தோற்றுப் போனாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? உண்மையில் எட்டை அவள் அருமையாகத்தான் போட்டாள். கோளாறு எட்டு முடிந்த பிறகு வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், இருபத்து நான்கு வயதாகியும் ஒரு சாம்பியனிடம் லைசன்ஸ் இல்லாமல் இருந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

நஸீபாவின் வாப்பா அகமது கபீர் தென்காசியில் லாரி டிரைவர். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி, செங்கோட்டை, புளியறை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லோடு. இருபத்தாறு வருஷமாக அதே பாதை. பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் நஸீபாவும் வாப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போவாள். மத்தியானம் ஏலம் முடிந்து இடம் காலியானதும், கமிஷன் கடை பிச்சுமணி அண்ணாச்சியின் பைக்கை வாங்கி எலுமிச்சைக் குவியல்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். ஒரு பழம்கூடச் சக்கரத்தில் நசுங்காது. பிச்சுமணிக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் எடைத் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இந்தப் பிள்ளை எங்கேயோ போகப்போகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கும்போது, பெண்களுக்கான பந்தயப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். தோழி முதல் நாளே வீட்டுக்குப் போய்விட்டாள். நஸீபாவைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் வந்தபோது வாப்பா தோளில் பெரிய கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். ஒரு மாதத்துக்கு முன், புளியறை மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது, முன்னால் பைக்கில் போன ஒருவன் கையும் காட்டாமல் விளக்கும் போடாமல் சடக்கென்று புரோட்டாக் கடைப் பக்கம் திரும்பிவிட்டான். அவனைக் காப்பாற்ற வாப்பா வண்டியை ஒடித்தார். லாரி பள்ளத்தில் சாய்ந்தது, லோடு முழுக்க மலைச்சரிவில் உருண்டது. ஆட்கள் ஓடிவந்து வாப்பாவை வெளியே எடுத்தபோது, திரும்பினவன் கையில் புரோட்டாவோடு நின்று, என்ன சத்தம் என்று கேட்டானாம். ஆறு மாதம் வாப்பா ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த டிராக்கில் எதிரே வண்டி வருமா என்பதுதான். வராது, எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் போவார்கள் என்றாள் நஸீபா.

“அப்போ போ,” என்றார். “ஆனா ரோட்டுல ஓட்டப்படாது. எதுக்க ஆள் வராத எடத்துல நீ எம்புட்டு வேகம் வேணும்னாலும் போய்க்கோ. ரோட்டுல ஒரு நாளும் வண்டியைத் தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு.”

நஸீபா வாக்குக் கொடுத்தாள். ஆறு வருஷம் அதைக் காப்பாற்றவும் செய்தாள். டிராக்குக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கு அணியில் எல்லாரும் வண்டியில் போவார்கள், இவள் நடந்து போவாள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வருவதும் பஸ்ஸில்தான். குற்றாலத்துக்குக் குளிக்கப் போனால் ஷேர் ஆட்டோ. தென்காசி ஆட்டோக்காரர்களுக்கு அவளை ஏற்றிக்கொண்டு போவதில் தனிக் குஷி. சாம்பியனே நம்ம பின்னாடிதான் வராவ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவார்கள்.

இந்த நிலையில்தான் ஆசிய அளவிலான போட்டியில் ஓட்டுகிற ஓர் அணி அவளுக்கு இடம் தந்தது. எத்தனை வருஷக் கனவு அது! அந்த மின்னஞ்சலைத் திறந்து படித்துவிட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில்தான் சிக்கல் இருந்தது. பந்தயம் இல்லாத மாதங்களில், அணியை நடத்தும் கம்பெனியின் புது மாடல் வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டிச் சோதிக்க வேண்டும், அதற்குச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். கையெழுத்தும் உரிமமும் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

வாப்பாவிடம் சொல்ல வேண்டும். இருபது வண்டிகளுக்கு நடுவே முதல் வளைவுக்குள் மூக்கை நுழைக்கிற தைரியம் இதற்கு வரவில்லை. உம்மா நூர்நிஷாவிடம் சொல்லிப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தது நீ, வாங்கினது அவர், நடுவில் என்னை இழுக்காதே என்று உம்மா ஒதுங்கிக்கொண்டாள். சரி, முதலில் லைசன்ஸை எடுத்துவிடுவோம், அது வெறும் அட்டைதானே, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம் என்று நஸீபா தனக்குத்தானே ஒரு நியாயம் பேசிக்கொண்டாள். எல்.எல்.ஆர். எடுத்தாள். டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கினாள். வாப்பா கேரளத்துக்கு லோடு கொண்டுபோன புதன்கிழமை அது. மைதானத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர் பிச்சுமணி அண்ணாச்சி, அவள் பின்னால் ஆட்டோவில் வந்தாள்.

அவள் பயந்தது கியருக்கு. பந்தய வண்டியில் கியர் தலைகீழ். ஊர் வண்டியில் மேலே தூக்கினால் கூடுவது, அங்கே கீழே மிதித்தால் கூடும். அதற்காக மூன்று நாள் மார்க்கெட்டில் பழகியிருந்தாள். கியர் ஒழுங்காக விழுந்தது. எட்டை இரண்டு சுற்று, கோட்டைத் தொடாமல், மார்க்கெட்டில் எலுமிச்சைக்கு நடுவே வளைந்த மாதிரியே வளைந்து முடித்தாள். யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். எட்டிலிருந்து விலகி ஓரமாக வருகிற அந்த நொடியில்தான், அவளைக் கேட்காமலே இடது கால் ஃபுட்ரெஸ்ட்டை விட்டு எழுந்து வெளியே நீண்டது.

டெஸ்ட்டின்போது கால் வெளியே வந்தால் ஃபெயில். மேற்பார்வையிட்டவர் மோட்டார் வாகன ஆய்வாளர் ஆனந்தவல்லி, ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் தாளில் குறித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிச்சுமணிக்குத்தான் பொறுக்கவில்லை. இந்தப் பிள்ளை யார் என்று தெரியுமா என்று போய் நின்றார். தெரியும், பேப்பரில் பார்த்திருக்கிறேன், அதற்காகக் கால் வெளியே வந்ததைக் காணாமல் விட முடியுமா, ஏழு நாள் கழித்து வரச் சொல்லுங்கள் என்றார் ஆனந்தவல்லி. நஸீபா அண்ணாச்சியின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துவந்தாள். தவறு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

வீடியோ அன்று மத்தியானமே ஊரைச் சுற்றிவிட்டது. சாயங்காலத்துக்குள் செங்கோட்டை தாண்டிப் புளியறை செக்போஸ்ட்டில் நின்ற லாரிக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. லோடு இறக்கிவிட்டு மறுநாள் காலை திரும்பி வந்த அகமது கபீர், டீ குடிக்க இறங்கிய இடத்தில் தன் மகளை ஐந்து போன்களில் பார்த்தார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கை கால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். உம்மா சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிவிட்டு, அவசரமாக வேலை இருப்பதுபோல அடுக்களைக்குள் போய்விட்டாள். நஸீபா எதிரே உட்கார்ந்திருந்தாள். பந்தயம் தொடங்குமுன் சிவப்பு விளக்கு அணைவதற்குக் காத்திருப்பதுபோல, அவர் சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்தாள். வாப்பா முழுச் சோற்றையும் சாப்பிட்டு, கையைத் துடைத்து, போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அணி, ஒப்பந்தம், நான்காம் பக்கம், சனிக்கிழமை எல்லாம். ரோட்டில் ஓர் அடிகூட ஓட்டவில்லை என்றாள். நீங்கள் வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். அதை மனதறிந்துதான் சொன்னாள்.

வாப்பா வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டார்.

“எட்டு நல்லாத்தாம்ட்டி போட்டிருக்கே. கடைசியில காலை எதுக்கு நீட்டுனே?”

“பழக்கம் வாப்பா. டிராக்கை விட்டு வெளிய வரணும்னா காலை நீட்டணும். பின்னால வாரவங்களுக்கு, நான் திரும்பப்போறேன், நீ பாத்து வான்னு சொல்லுதது.”

வாப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாரும் நீட்டுவாங்களா?”

“நீட்டாம திரும்பினா கூப்பிட்டு ஏசுவாங்க. ரெண்டாந்தடவை வெளியவே அனுப்பிருவாங்க.”

“மைதானத்துல உன் பின்னால யாரு வந்தா?”

“யாரும் வரலை.”

“யாரும் வராமலே நீட்டியிருக்கே,” என்றார் அவர். அவர் கை தோள்பட்டையை, அந்தப் பழைய முறிவு இருந்த இடத்தை, நீவிக்கொண்டிருந்தது. கோபத்தை அடக்குகிறார் என்று நஸீபா நினைத்தாள். அது கோபம் இல்லை. இருபத்தாறு வருஷமாக முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியின் முதுகையும் பார்த்து, இவன் எப்போது எந்தப் பக்கம் திரும்புவானோ என்று பதறிப் பதறி ஓட்டிய மனிதர் அவர். பின்னால் வருகிறவனை நினைத்துப் பார்க்கிற ஓர் ஆளை ரோட்டில் அவர் தேடிக்கொண்டே இருந்தார். அந்த ஆள் தன் வீட்டிலேயே சோறு தின்று வளர்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“டெஸ்ட்டுக்கு ஒழுங்காப் போய்ப் பாஸ் பண்ணு,” என்றார் கடைசியில். “ஆனா ஒண்ணு. கையெழுத்துக்கு முன்னால என்னைப் பின்னால உக்கார வச்சு குத்தாலம் வரைக்கும் ஓட்டிக் காட்டணும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

அடுத்த வியாழக்கிழமை மைதானத்தில் திருவிழாக் கூட்டம். சிரிக்க வந்தவர்கள் பாதி, பிச்சுமணி மார்க்கெட்டிலிருந்து வேனில் ஏற்றிவந்தவர்கள் பாதி. நஸீபா எட்டைப் போட்டாள், விலகினாள், இடது கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து வைத்தாள். கையை மட்டும் நீட்டிக் காட்டி ஓரம் வந்து நின்றாள். ஆனந்தவல்லி தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே முகத்தோடு தன் போனை எடுத்து, என் மகளுக்கு அனுப்பணும், ஒரு போட்டோ எடுத்துக்கிடலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா வீட்டுக்கு வரும்போது லைசன்ஸ் போனில் வந்திருந்தது. அதை அணிக்கு அனுப்பியாயிற்று. இனி மிச்சம் கையெழுத்துதான்.

சனிக்கிழமை காலை பிச்சுமணியின் பைக் வாசலில் நின்றது. நஸீபா ஹெல்மெட் மாட்டினாள், வாப்பாவுக்கும் ஒன்றை மாட்டிவிட்டாள். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவள் தோளை இறுக்கிப் பிடித்தார். வாசலில் நின்ற உம்மா துவா ஓதிக்கொண்டே சிரித்தாள். தெருமுனை வரைக்கும் சின்னக் கூட்டம் ஒன்று கூடவே நடந்து வந்தது. நடந்தே வர முடிகிற வேகம்தான்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் நஸீபாவுக்கு ஓர் உண்மை விளங்கியது. இங்கே எதிரே வருகிறார்கள். வேன் வருகிறது, பஸ் வருகிறது, கர்நாடகா வண்டி வருகிறது, எல்லாம் அவள் முகத்தைப் பார்த்து வருகின்றன. உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு துண்டோடு ஒருவர் நடு ரோட்டில் நின்று பாதையைக் கடப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார். ரம்புட்டான் வண்டிக்காரர் திடீரென்று தள்ளுவண்டியைத் திருப்புகிறார். ஆடு ஒன்று யாரையும் மதிக்காமல் குறுக்கே போகிறது. டிராக்கில் ஆடு கிடையாது. வேகம் காட்டும் முள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. அவள் தோள் விறைத்துப்போய் இருந்தது கை வைத்திருந்தவருக்குத் தெரியாமல் போகுமா?

“பயமாருக்கா?”

“ஆமா வாப்பா.”

“இருநூறுல போறவளுக்கா?”

“அங்க எதுக்க யாரும் வரமாட்டாங்கல்லா.”

ஆறு வருஷத்துக்கு முன் அவர் சொன்ன வார்த்தை அவரிடமே திரும்பி வந்தது. வாப்பா முதலில் மூக்கால் சிரித்தார், அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சிரிப்பு கடகடவென்று கேட்டது. பயம் தனக்கு மட்டும் சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார் போல. அவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்ததும் அவருடையது பாதியாகிவிட்டது. தோளிலிருந்து ஒரு கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

நஸீபா கண்ணாடியைப் பார்த்தாள், விளக்குப் போட்டாள், விலகினாள், வழிவிட்டாள். சாரல் முகக்கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. ஸ்கூட்டரில் மூன்று கல்லூரிப் பெண்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ தாண்ட இடம் கிடைக்காமல் உறுமிக்கொண்டு வந்தது. அதற்கும் பின்னாலிருந்து, இருபக்கமும் பால் கேன் தொங்க, பழைய டி.வி.எஸ். வண்டியில் வந்த ஒரு தாத்தா, ஆட்டோவையும் ஆசியப் போட்டிக்குத் தேர்வான வீராங்கனையையும் ஒருசேர முந்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

வாப்பாவின் டிரைவர் ரத்தத்துக்கு அது தாங்கவில்லை.

“ஏட்டி, கொஞ்சம் விரசா போயேன். பால்காரன்லாம் முந்திட்டுப் போறான்.”

நஸீபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரோட்டில் வண்டியைத் தொடாதே என்று வாக்கு வாங்கிய வாய் சொன்ன சொல் அது. அவள் கியரை மாற்றினாள், சரியான பக்கமே மாற்றினாள். முள் நாற்பதுக்குப் போனது. குளிர்ந்த காற்று இரண்டு பேர் சட்டையையும் உப்பவைத்தது, அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

கூட்டம் நெருங்குகிற இடத்தில் வாப்பா குனிந்து, இடது பக்கம் ஒரு புரோட்டாக் கடை இருக்கிறது, அங்கே திருப்பு, பசிக்கிறது என்றார். நஸீபா கண்ணாடியைப் பார்த்தாள். அந்த ஷேர் ஆட்டோ இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டாள். வேகத்தைக் குறைத்தாள். இடது கால் வழக்கம்போலத் துடித்தது. இது டிராக் இல்லை, விளக்குப் போட்டாயிற்று, போதும் என்று அதை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

பின்னாலிருந்து பிரேக் போடுகிற சத்தமும், ஆட்டோவுக்குள் பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டன. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வாப்பாவின் இடது கால், கைலி முழங்காலுக்கு மேல் ஏறியிருக்க, ரப்பர் செருப்போடு வெளியே விறைப்பாக நீண்டுகொண்டிருந்தது. வண்டி நின்ற பிறகும் அவர் அதை உள்ளே இழுக்கவில்லை.

ஆட்டோக்காரர் தலையை நீட்டி, என்ன பாய், கால் பிடிச்சிக்கிட்டதா என்று கேட்டார்.

“திரும்புதோம்லா,” என்றார் அகமது கபீர். “பின்னால வாரவருக்குச் சொல்லவேண்டாமா?” பிறகு காலை மடக்கிக்கொண்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார். “சாப்பிட்டுட்டு அந்தக் கையெழுத்தைப் போட்டு அனுப்பிரு. திரும்பிப் போகையிலயும் நீயே ஓட்டு.”